விலையில் ஒளிந்த நிறவெறி: மலிவு ரிவால்வரின் கதை

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்ட ஒரு சிறிய ரிவால்வர் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிட்ச்பர்க் நகரில் அய்வர் ஜான்சன் கம்பெனி செய்தது. கோட்டுப் பையில் அடங்கிவிடும். குழலைக் கீழே மடக்கித் திறந்து அய்ந்து தோட்டா போடலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் விலை உயர்ந்த ரிவால்வரின் சாயலில் செய்யப்பட்டது. ஆனால் தபாலில் வரும் விலைப்பட்டியலைப் பார்த்துச் சில டாலர் அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடும். கைப்பிடியின் கறுப்பு ரப்பரில் ஓர் ஆந்தையின் தலை பொறித்திருக்கும். வியர்வை பட்டுத் துரு ஏறாமலிருக்க உடல் முழுக்க நிக்கல் முலாம். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்தால் ஆந்தை ரப்பரைக் கழற்றிவிட்டு முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்டுக்கொள்ளலாம். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்காமலிருக்க, தோட்டாவைத் தட்டும் குதிரையின் கொம்பை அரத்தால் ராவி மழுக்கிக்கொண்டவர்களும் உண்டு. பணக்காரனின் கோல்ட் துப்பாக்கியில் தங்க வேலைப்பாடு, தந்தக் கைப்பிடி. ஏழையின் துப்பாக்கியில் அரம் ராவிய தடம். இரண்டுமே 'இது என்னுடையது' என்று சொல்வதற்கான அடையாளங்கள்தாம்.

1901இல் அமெரிக்க அதிபர் வில்லியம் மெக்கின்லியைச் சுட்டது இந்த ஆந்தைத் துப்பாக்கியின் வகைதான். சுட்டவர் லியோன் சோல்காஸ் என்ற வெள்ளையினத் தொழிலாளி. அதிபரையே கொன்ற பிறகும் அந்த மலிவுத் துப்பாக்கி விற்பனையிலேயே இருந்தது. ஆனால் அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் தெற்கில் ஒரு மாநிலம் மலிவுக் கைத்துப்பாக்கிகளை விற்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. ஆகவேதான் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு கேள்வியை எழுப்புகிறார். இவ்வளவு கொடுமையையும் இந்த நாட்டின் அடித்தட்டு மக்கள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? உலகில் வேறிடங்களில் புரட்சி நடந்தபோது இங்கே ஏன் நடக்கவில்லை? அவர் தரும் விடைகளில் முக்கியமானது: நால்வருண அமைப்பு அவர்களுக்கு ஆயுதம் ஏந்தும் உரிமையைத் தரவில்லை; ஆயுதம் இல்லாமல் கிளர்ச்சி செய்ய முடியாது. ஆயுதம், கல்வி, சொத்து என்ற மூன்றையும் பிறப்பை வைத்துப் பங்குபோட்ட அமைப்பு அது. அதைப் படித்த கண்ணோடு அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் படித்தால், நமக்குப் பழக்கமான ஒரு முகம் அங்கும் தெரிகிறது. மகாத்மா பூலே 1873இல் 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். நம் முன்னோர் அந்தப் பக்கம் பார்ப்பதை என்றுமே நிறுத்தியதில்லை.

தொடக்கத்தில் எல்லாம் வெளிப்படையாகவே இருந்தது. 1680இல் வர்ஜீனியா காலனி போட்ட சட்டம், கறுப்பினத்தவரும் அடிமைகளும் தடி, கம்பு, துப்பாக்கி, வாள் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்றது. கவனியுங்கள், துப்பாக்கிக்கு முன்னால் தடி. கையில் கம்போடு நிமிர்ந்து நடப்பதே குற்றம். நம் ஊர்த் தெருக்களில் யார் எந்தத் தெருவில் எப்படி நடக்கலாம் என்று வகுத்திருந்த வழக்கங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கு. அடிமையாயிருந்த ஒரு மனிதர் தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கு அது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்லர் என்று தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டேனி, அதற்கு ஒரு காரணமும் சொன்னார். குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் விரும்பிய இடத்தில் கூட்டம் போடுவார்கள், அரசியல் பேசுவார்கள், போகுமிடமெல்லாம் ஆயுதம் வைத்துக்கொள்வார்கள். அது எப்படிச் சரியாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். குடியுரிமை என்றால் என்னவென்று அந்த நீதிபதிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் மறுத்தார்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் 'கறுப்பர் சட்டங்கள்' என்று அழைக்கப்படும் தொகுப்பைக் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், படையில் இருந்தால் ஒழிய, உள்ளூர் அதிகாரக் குழுவின் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ பெரிய கத்தியோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் அபராதம். பிடிபட்ட ஆயுதம் யாருக்கு? காட்டிக்கொடுத்தவருக்கே. அண்டை வீட்டானின் பொறாமையைக் காவல்துறையாக மாற்றிய சட்டம் அது.

1868இல் நிறைவேறிய 14ஆவது அரசியல் சட்டத் திருத்தம், சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமமான பாதுகாப்பு என்று எழுதியது. இனிமேல் சட்டப் புத்தகத்தில் 'கறுப்பர்' என்று பெயர் குறிப்பிட்டுத் தடை விதிக்க முடியாது. அதனால் ஆதிக்கம் ஓய்ந்துவிட்டதா? துப்பாக்கி ஏந்திய வெள்ளைக் கும்பல்கள் முதலில் களத்தில் பதில் சொல்லின. 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல் பீரங்கியோடு வந்து தாக்கியது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் குறைந்தது 60 பேர். 150 வரை என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். அவர்களையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை மத்திய அரசு பறிக்கக் கூடாது என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது, தனியார் கும்பல் பறித்தால் அதை மத்திய அரசு கேட்க முடியாது, மாநிலத்திடம் போய் முறையிடுங்கள் என்றது தீர்ப்பு. மாநிலமோ அந்தக் கும்பலின் கையில்.

இனி, மாநிலங்கள் எழுத்தில் சொன்ன பதில்.

டென்னசி மாநிலத்தின் 1879ஆம் ஆண்டுச் சட்டம், கைத்துப்பாக்கி விற்பனையைத் தடை செய்தது. ஒரே ஒரு விலக்கு: தரைப்படை, கடற்படை வகைக் கைத்துப்பாக்கிகளை விற்கலாம். 1881இல் ஆர்கன்சாஸ் மாநிலமும் இதே வழியில் போனது. மேலோட்டமாகப் படித்தால் ஒழுங்கான சட்டம்தான். பையில் ஒளித்து வைக்கும் சின்னத் துப்பாக்கிகளால் அடிதடியும் கொலையும் பெருகுகின்றன. பெரிய துப்பாக்கியை யாரும் ஒளிக்க முடியாது. எனவே பெரியது இருக்கட்டும், சின்னது வேண்டாம்.

ஆனால் படைவகைத் துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது? 1865இல் தோற்ற தெற்குப் படை சரணடைந்தபோது அதன் அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கிகளையும் குதிரைகளையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று வென்றவர்கள் பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள். பழைய எசமானின் சுவரில் அது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. இல்லாதவர் புதிதாக வாங்க வேண்டும். கோல்ட் கம்பெனியின் படைவகை ரிவால்வர் ஒன்றுக்குப் பண்ணைக் கூலியின் ஒரு மாத வருமானம் போதாது. வாரத்தில் இத்தனை நாள் வேலை, அதில் கடைக்காரனுக்குக் கடன், நிலக்காரனுக்குப் பங்கு என்று போக, கையில் மிஞ்சும் சில்லறைக்கு வாங்க முடிந்தது பையில் அடங்கும் மலிவு ரிவால்வர் ஒன்றுதான். சட்டம் சரியாக அதன் கழுத்தைப் பிடித்தது.

இந்தச் சட்டத்தின் நோக்கம் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளித்து எடுத்துச் செல்லும் ஆயுதங்கள் மீது அன்றைய நகரங்களுக்கு இருந்த அச்சம் உண்மையானது, ஏழை வெள்ளையரையும் இது பாதித்தது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். சட்டம் இயற்றியவரின் நெஞ்சைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை. யாருக்கு எது கிடைத்தது, யாருக்கு எது கிடைக்காமல் போனது என்ற கணக்கைப் பார்க்க வழி இருக்கிறது. கோவில் கருவறைக்குள் பயிற்சி பெற்ற எவரும் போகலாம் என்று எழுதிவிட்டு, பயிற்சியைப் பிறப்போடு கட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்கள் நாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கரோலினா இன்னும் வேடிக்கையான ஒரு வழியைக் கண்டுபிடித்தது. 20 அங்குல நீளமும் 3 பவுண்டு எடையும் இல்லாத கைத்துப்பாக்கிக்குத் தடை. படையில் பயன்பட்ட நீளக்குழல் கோல்ட் ரிவால்வரே சுமார் 13 அங்குலம்தான். அப்படியானால் யார்தான் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியும்? ஷெரிப்பும் அவருடைய துணை ஆட்களும். ஷெரிப் யாரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வார் என்பதை நாம் எழுத வேண்டுமா?

இந்த வரிசையில் ஃபுளோரிடாவின் கதை தனித்தது. காரணம், அங்கே ஒரு நீதிபதியே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். 1893இல் ஃபுளோரிடா, அடுத்தடுத்துச் சுடும் ரைபிள்களுக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டது. உரிமம் கேட்பவர் 100 டாலருக்குப் பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். 1901இல் கைத்துப்பாக்கியும் அதில் சேர்ந்தது. 1941இல் வாட்சன் என்பவரின் வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. காரில் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். விடுதலை செய்து எழுதப்பட்ட தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி ரிவர்ஸ் புஃபோர்ட், தனியாகச் சில பத்திகள் சேர்த்தார். அந்தச் சட்டம் எந்தச் சூழலில் பிறந்தது என்பது தனக்குத் தெரியும் என்றார். பைன் மரத்தில் பிசின் இறக்கும் டர்பன்டைன் முகாம்களிலும் மரம் அறுக்கும் முகாம்களிலும் வேலை செய்ய அப்போது கறுப்பினத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்திருந்தார்கள். அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பதற்காகப் போட்ட சட்டம் அது. வெள்ளையருக்கு அதைப் பயன்படுத்தும் எண்ணம் என்றும் இருந்ததில்லை, நடைமுறையில் பயன்படுத்தியதும் இல்லை என்று எழுதினார். குற்ற உணர்வோடு அல்ல. இது ஊருக்கே தெரிந்த சங்கதிதானே என்ற தொனியில். அரை நூற்றாண்டு ஒரு சட்டம் பொதுவான சொற்களைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் போர்வையை விலக்கியது எதிர்த்துப் போராடியவர் அல்ல, அதே வீட்டுக்காரர்.

டர்பன்டைன் முகாம் என்பது என்ன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதலாளியின் கடையில் கடன், கடன் தீரும்வரை முகாமை விட்டுப் போகத் தடை, ஓடினால் ஆயுதம் ஏந்திய மேற்பார்வையாளர் விரட்டிப் பிடிப்பார். நாம் கொத்தடிமை மீட்பு வேலைகளில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் பார்க்கும் அதே ஏற்பாடு. அங்கே தொழிலாளியின் தலையணைக்கடியில் ஒரு ரிவால்வர் இருந்தால் கடன் கணக்கைப் பற்றிப் பேசும் தொனி மாறும். பிணைத் தொகை 100 டாலர் என்று வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

சட்டத்தின் பாதையை விட்டு மனிதர்களிடம் வருவோம். 1892 மார்ச் மாதம், மெம்ஃபிஸ் நகரம். தாமஸ் மாஸ் என்ற கறுப்பினத் தபால்காரர் தோழர்களோடு சேர்ந்து மளிகைக் கடை நடத்திவந்தார். எதிர்க்கடை வெள்ளையருடையது. வியாபாரப் போட்டி மோதலாக முற்றியது. மாஸையும் அவர் கூட்டாளிகள் இருவரையும் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கும்பல் சுட்டுக் கொன்றது. மாஸின் குடும்பத்துக்கு நெருங்கிய தோழி, பத்திரிகை ஆசிரியர் அய்டா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்தவர். இந்தக் கொலைக்குப் பின் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று கைத்துப்பாக்கி வாங்கியது. இரண்டாவது, எழுதியது. கும்பல் கொலைகள் பெண்களின் மானத்தைக் காக்க நடப்பவை என்ற வெள்ளையரின் கதையை ஆதாரத்தோடு உடைத்தார். அவர் வெளியூர் போயிருந்தபோது அவருடைய 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகை அலுவலகத்தைக் கும்பல் அடித்து நொறுக்கியது. அதே ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூலில், ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் வின்செஸ்டர் ரைபிளுக்கு மரியாதையான ஓர் இடம் இருக்க வேண்டும் என்று எழுதினார். வெல்ஸ் யாரையும் சுட்டதில்லை. அவருடைய துப்பாக்கியைவிட அவருடைய பேனாவுக்குத்தான் மெம்ஃபிஸ் பயந்தது என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே மேசையில் இருந்தன. எது இல்லாமல் எது நிலைத்திருக்கும் என்பதை அவரே அறிவார்.

1925, டெட்ராய்ட். டாக்டர் ஓசியன் ஸ்வீட் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். இந்த நாட்டில் ஊர்த்தெருவில் மனை வாங்கும் தலித்துக்கு நடப்பதுதான் அவருக்கும் நடந்தது. குடிபுகுந்த மறுநாள் இரவு, செப்டம்பர் 9, வீட்டைச் சுற்றிக் கூட்டம், ஜன்னல்களில் கல்மாரி. மருத்துவர் அதை எதிர்பார்த்து, தம்பிகளையும் நண்பர்களையும் சில துப்பாக்கிகளையும் சேர்த்தே அழைத்து வந்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து வெடித்த குண்டில் கூட்டத்தில் ஒருவர் இறந்தார். மருத்துவரின் மனைவி உட்பட 11 பேர் மீதும் கொலை வழக்கு. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். முதல் விசாரணையில் நடுவர்களிடையே ஒருமித்த முடிவு வரவில்லை. 1926 மே மாதம், மருத்துவரின் தம்பி ஹென்றியை வெள்ளையர்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுதலை செய்தது. தன் வீட்டைக் காக்கும் உரிமை கறுப்பினத்தவனுக்கும் உண்டு என்று சொல்வதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கறிஞரும் இரண்டு விசாரணைகளும் தேவைப்பட்டன.

பிறகு மார்ட்டின் லூதர் கிங். அகிம்சையின் உருவமாக அவரைப் பாடப்புத்தகம் நமக்குக் காட்டும். 1956 ஜனவரி 30 அன்று மான்ட்கமரியில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தபோது அவர் வீட்டில் குண்டு வீசப்பட்டது. கிங், காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. உரிமம் கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரியின் விருப்பம். அந்த நாட்களில் அவரைப் பார்க்க வந்த பத்திரிகையாளர் வில்லியம் வொர்தி நாற்காலியில் உட்காரப் போக, உடன் வந்த பேயர்ட் ரஸ்டின் பதறித் தடுத்தார். நாற்காலியில் ஒரு பிஸ்டல் கிடந்தது. பின்னர்தான் கிங் வீட்டில் ஆயுதம் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். அது ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவு. உரிமம் கொடுக்க மறுத்த அதிகாரி அவருக்கு அகிம்சையைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒடுக்கப்பட்டவன் ஆயுதத்தை விரும்பிக் கீழே வைப்பது வேறு, அவன் கையில் ஆயுதமே வராமல் பார்த்துக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பி, நமக்குச் சாந்தம் போதிப்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

1967 மே 2 அன்று சுமார் 30 கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அன்றைய சட்டப்படி, குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வது அங்கே குற்றமல்ல. அந்த உரிமையைப் பறிக்க மல்ஃபோர்ட் என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்திருந்தார். அதை எதிர்க்கத்தான் போனார்கள். மசோதா விரைவாகச் சட்டமானது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமைக்காக உயிரையே விடுவதாகச் சொல்லும் தேசிய ரைபிள் சங்கம் அன்று இந்தக் கட்டுப்பாட்டை ஆதரித்தது. அந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் எடுத்துக்கொண்டு தலித் பேந்தர்ஸ் கண்டார்கள்.

மலிவுத் துப்பாக்கியின் கதை இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. 1968 ஜூன் மாதம் ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஒரு .22 ரிவால்வர். செய்தது யார்? அதே அய்வர் ஜான்சன் கம்பெனி. அந்த ஆண்டு இறுதியில் வந்த மத்தியத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உதவாத கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்யக் கூடாது என்றது. குறி, அய்ரோப்பாவிலிருந்து வந்த மலிவுத் துப்பாக்கிகள். கென்னடியைக் கொன்றதோ அமெரிக்காவில் செய்தது. மலிவுத் துப்பாக்கிக்கு 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்ற இழிபெயர் பரவிய காலம் அது. கறுப்பினக் குடியிருப்புகளின் சனிக்கிழமை இரவுகளை ஏளனம் செய்யும் பழைய பேச்சிலிருந்து வந்த பெயர் என்பார்கள்; இல்லை என்போரும் உண்டு. தடையால் என்ன நடந்தது? ஜெர்மனியின் ரோம் கம்பெனி பாகங்களை மட்டும் அனுப்பி மயாமியில் பூட்டி விற்றது. 1981இல் அதிபராகிவிட்ட ரீகன் மீது பாய்ந்த குண்டு அப்படிப் பூட்டிய .22 ரிவால்வரிலிருந்துதான் வந்தது.

அடுத்து சில மாநிலங்கள் உலோகத்தில் கைவைத்தன. இல்லினாய்ஸ் சட்டப்படி, 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் துத்தநாகக் கலவையில் வார்த்த உடல் கொண்ட கைத்துப்பாக்கியைக் கடையில் விற்கக் கூடாது. தீயில் போட்டா சுடப் போகிறார்கள்? துத்தநாகத்தை அச்சில் ஊற்றி வார்ப்பது மலிவு, எஃகைக் கடைவது செலவு. விலையை எழுத முடியாத இடத்தில் வெப்பநிலையை எழுதினார்கள்.

இன்றும் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். ஜார்ஜியாவில் ஹெரிடேஜ் கம்பெனி செய்யும் 'ரஃப் ரைடர்' என்ற .22 ரிவால்வர், கௌபாய் படங்களில் வரும் பழைய கோல்ட் துப்பாக்கியின் அச்சு. உடல் துத்தநாகக் கலவை. 200 டாலருக்குள் கிடைக்கும். வாங்கியவர்கள் திருப்புளியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்: மரக்கைப்பிடியைக் கழற்றிக் கொடி வரைந்த கைப்பிடி, சிப்பிபோல் மின்னும் கைப்பிடி, நீளமான குழல், மாற்றிப் பொருத்தும் மேக்னம் உருளை. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து உண்மையான பழைய கோல்ட் வாங்க முடியாதவரின் ஆசை அது. 130 ஆண்டுகளுக்கு முன் ஆந்தை ரப்பரைக் கழற்றிச் சிப்பி மாட்டிய கைகளின் தொடர்ச்சி. கோல்ட் எல்லா ஊரிலும் 'பாரம்பரியம்'. அதன் ஏழை நகலுக்கு மட்டும் உருகுநிலைச் சோதனை.

ஆனால் இதை ஏழையின் துப்பாக்கிக்கு வாழ்த்துப்பாவாக யாரும் வாசிக்க வேண்டாம். மலிவாக வார்த்த துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கும்; வைத்திருப்பவரின் பிள்ளையையே கொல்லும். அமெரிக்க நகரங்களில் துப்பாக்கிக்குப் பலியாகும் கறுப்பின இளைஞர்களின் தாய்மார்கள்தாம் கட்டுப்பாடு கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். 1976இல் தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கிக்குத் தடை கொண்டுவந்த நகர மன்றத்தில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்களே. அவர்களை நிறவெறியின் கருவிகள் என்று சொல்ல நமக்கு எந்தத் தகுதியும் இல்லை. தன் மக்களின் பிணங்களை எண்ணி ஒரு சமூகம் தானே எழுதிக்கொள்ளும் தடையும், அந்தச் சமூகத்தைக் கையறு நிலையில் வைக்க மற்றவர் எழுதும் தடையும் வாசகங்களில் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாடு வாசகத்தில் இல்லை.

சிகாகோவில் ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற முதியவரின் வழக்கு இந்தச் சிக்கல் முழுவதையும் சுமந்தது. லூசியானாவில் குத்தகை விவசாயியின் மகன். 17 வயதில் 18 டாலரோடு ஊரை விட்டு வந்தவர். பராமரிப்புத் தொழிலாளியாக உழைத்து வீடு வாங்கினார். ஓய்வுபெற்ற பின் திருட்டுக்கும் கும்பல் மிரட்டலுக்கும் அஞ்சிக் கைத்துப்பாக்கி கேட்டார். சிகாகோவின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது. 2010 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கோல்ஃபாக்ஸ் படுகொலையையும் 1876 தீர்ப்பையும் தோண்டியெடுத்து எழுதினார். தாமஸின் மற்றத் தீர்ப்புகளோடு நமக்கு ஒத்துவராது. இந்தப் பக்கங்கள் விதிவிலக்கு.

உரிமை தாளில் வந்துவிட்டது. 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் ஃபிலான்டோ காஸ்டீல் என்ற பள்ளி உணவகப் பணியாளரின் காரைக் காவலர் நிறுத்தினார். காஸ்டீலிடம் முறையான உரிமம் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே பணிவாகச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டார். காரின் பின்னிருக்கையில் அவருடைய தோழியின் நான்கு வயது மகள். மறு ஆண்டு அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார்.

நம் பக்கத்துக் கணக்கு என்ன? 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, அய்ரோப்பியருக்கு விலக்குத் தந்தது. விலக்குப் பெற்ற இந்தியர்களும் உண்டு. குடகு இனத்தவருக்கும் அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் உரிமம் தேவையில்லை என்ற சலுகை பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே வருவது. 2019இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. பிறப்பும் நிலமும் இன்றும் ஆயுதத் தகுதி. அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்ட அதே 1968இல், டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணிக்கு வந்த பண்ணையார் கூட்டத்திடம் துப்பாக்கிகள் இருந்தன. குண்டுக்குத் தப்பிக் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டவர்கள் அவர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளைப் பலர் நிவாரணத் தொகைக்காக மட்டும் புரட்டுகிறோம். மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறிந்த இடத்தில், தேவையெனில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அடுத்து, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையென்றால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும். இந்திய அரசே எழுதி வைத்த வரி. பயிற்சி வகுப்புகளில் இதை நாம் வாசித்துக் காட்டும்போதெல்லாம் முதலில் ஒரு சிரிப்பு எழும், பிறகு ஒரு கேள்வி வரும்: உரிமமே கிடைத்தாலும் துப்பாக்கி என்ன விலை?

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டெல்லியில் கொல்லப்பட்ட மாணவியின் நினைவாக, இந்தியப் பெண்களின் பாதுகாப்புக்கென்று அறிவித்தார்கள். அரைக் கிலோ எடை, நகைப்பெட்டி போன்ற உறை. விலை 1,22,360 ரூபாய். அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி நாளுக்கு 148 ரூபாய். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் 827 நாள் கூலி. ஆண்டுக்கு நூறு நாள் வேலையும் தவறாமல் கிடைத்தால், எட்டு ஆண்டுகளும் சில வாரங்களும்.